நடத்தை: நன்று

அக்டோபர் 6, திங்கள்

காலையிலேயே வெயில் சுடுகிறது. வெளிநாட்டில் அக்டோபரில் இப்படி என்றால் ஊரில் நம்ப மாட்டார்கள். பி.பி. மாத்திரை ஒரு வாரத்துக்குத்தான் இருக்கிறது, கவிதாவிடம் சொல்ல வேண்டும்.

கவிதா தன் கம்பெனிக்குப் பெயர் மாற்றப் போகிறாள். கடைக்காரர்களுக்குச் சம்பளப் பட்டியல், வரி, லைசென்ஸ் எல்லாம் பார்த்துக் கொடுக்கிற கம்பெனி. எட்டு வருடமாக ஒரே பெயர். இந்த வருடம் சில கடைகள் சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிட்டன. பிராண்டிங் செய்ய வந்த டானா என்ற பெண், முதலில் வாடிக்கையாளர்களிடம் நேரில் பேசுங்கள் என்றிருக்கிறாள். அந்த வேலை எனக்கு.

"தமிழ்க் கடைங்க பன்னெண்டு இருக்கும்மா. நீ போய் உட்கார்ந்தா பேசுவாங்க. என் அம்மான்னு மட்டும் சொல்லாத, அப்புறம் ஃப்ராங்கா பேச மாட்டாங்க. சொல்றத அப்படியே எழுது. அழகு பண்ணாத."

திண்டிவனத்தில் முப்பத்திரண்டு வருடம் விடைத்தாள் திருத்தியவளுக்கு இது ஒரு வேலையா என்று சிரித்தேன்.

அக்டோபர் 8, புதன்

ஜெயந்தி காரில் ஹில்கிராஃப்ட், நம் ஊர்க் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. ஜெயந்திதான் கவிதா ஆபீசில் போன் எடுப்பவள். இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் ஸ்பீக்கரில், "சொல்லுங்கண்ணா, நான் பாத்துட்டு கூப்பிடறேன்." கணவருக்கு ஏப்ரலில் வேலை போய்விட்டதாம். குடும்பத்துக்கே இவள் ஆபீஸ் இன்சூரன்ஸ்தான். எனக்குக் காரில் தலைசுற்றும் என்று புளிப்பு மிட்டாய் வாங்கி வைத்திருந்தாள்.

இன்று மூன்று கடை. ஜெ. காரிலேயே இருந்தாள், நான் மட்டும் உள்ளே. மீரான் பாய் மளிகைக் கடையில் ஏலக்காய் டீ. அவர் சொன்னது, அப்படியே:

"ஜெயந்திப் பொண்ணு தங்கம். அந்த ஓனரம்மா லைன்ல வந்தாத்தான் பயமா இருக்கு. ஒரு பேப்பர் லேட்டாயிருச்சு. 'எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு'ங்குறாங்க. எனக்கு அறுபத்திரண்டு வயசு, டீச்சரம்மா. கையக் கட்டிட்டு எந்திரிச்சு நிக்கணுமோன்னு தோணிச்சு."

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கடை டீயைக் குடித்துக்கொண்டு, அவள் அம்மா என்று சொல்லாமல்.

பியூட்டி பார்லர் செல்வி: "அவங்க கேள்வி கேட்டா தெரிஞ்ச ஆன்சரும் மறந்துடும் ஆன்ட்டி. கம்பெனி பேரா? பேருக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு."

மூன்றாவது கடையிலும் அதே கதை.

"எத்தனை தடவை சொல்றது." எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் நான் இதைச் சொல்லாத நாள் இல்லை. வீட்டிலும்தான். ஏழாம் வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு சின்னக் கவிதா நின்ற நிலை நினைவுக்கு வருகிறது.

அக்டோபர் 10, வெள்ளி

பன்னிரண்டும் முடிந்தது. கவிதா பேசும் விதத்தைச் சொன்னவர்கள் ஒன்பது பேர். பெயரைக் குறை சொன்னவர் ஒருவர், அதுவும் நான் தூண்டிக் கேட்டதால்.

மத்தியானம் நல்ல பிரதி எழுத உட்கார்ந்தேன். டானாவுக்காக ஆங்கிலத்தில். கை ஓடவில்லை.

பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் எழுதும்போது ஒரு வழக்கம் உண்டு. நடத்தை என்ற இடத்தில் எல்லாருக்கும் 'நன்று'. எ.கா., என் சைக்கிள் டயரைக் குத்திய ரவி. அவனுக்கும் நன்று. போகிற இடத்தில் பிழைத்துக்கொள்ளட்டும் என்றுதான். ஊரார் பிள்ளைகளுக்கே அப்படி எழுதியவள், என் பெண்ணுக்கு மட்டும் வேறு எழுதுவேனா.

எழுதினேன்: போனில் பேசும் விதம் இன்னும் கனிவாக இருக்கலாம். ஒன்பது பேருக்கும் அதே வரி. யார் பேசும் விதம் என்று எழுதவில்லை.

ஜெயந்தி தங்கம் என்று பாய் சொன்னதையும் எழுதவில்லை. எழுதினால், அப்போது யார் தங்கம் இல்லை என்ற கேள்வி வரும். யோசித்துத்தான் விட்டேன். மறந்து போனதாக இங்கே எழுதிக்கொள்ள முடியாது.

கடைகளில் குறிப்பெடுத்த நோட்டு என் பெட்டியில், புடவைகளுக்கு அடியில்.

வாங்க: மாத்திரை, பெருங்காயம், பல் பிரஷ்.

அக்டோபர் 14, செவ்வாய்

டானா கம்ப்யூட்டர் திரையில். நல்ல பெண், என் கையெழுத்தைப் பாராட்டினாள். ஒன்பது பேர் ஒரே குறையைச் சொல்வது அபூர்வம், உங்கள் பிரச்சினை பெயர் அல்ல, குரல் என்றாள். புதிய பெயரோடு போட ஒரு வாசகமும் தயார்: 'உங்களுக்கென ஒரு கனிவான குரல்'. வெளிர்பச்சை எழுத்து.

கவிதா திரையை மூடினாள். "போன் எடுக்கறது ஜெயந்திதானே. என் முன்னாடி அவ்ளோ நல்லா பேசறா. எனக்குத் தெரியவே இல்லையேம்மா."

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். ரசத்துக்குப் புளி கரைக்கப் போனேன்.

வகுப்பில் "யாரோ பேசுறீங்க" என்று பெயர் சொல்லாமல் அதட்டினால் எல்லாத் தலையும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பும். அங்கே இருப்பவன் வாயே திறக்காவிட்டாலும். அதனால் பெயர் சொல்லிக் கண்டியுங்கள் என்று புதிதாக வந்த ஆசிரியைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

மழை. நேற்றே கவிதா ஜெயந்தியிடம் சொல்லிவிட்டாளாம். இந்த மாதக் கடைசியோடு வேலை முடிந்தது என்று.

"அழுவான்னு நெனச்சேன். தேங்க்ஸ்னு சொன்னாம்மா."

கவிதா காலையில் எதுவும் சாப்பிடவில்லை. நான் மூன்று இட்லி சாப்பிட்டேன். மூன்றாவதைச் சாப்பிடும்போதுதான் அவள் தட்டைக் கவனித்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

ஜெ. வந்தாள். இங்குள்ள மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிப்போவதாகப் போன வாரம் சொல்லியிருந்தாள். இனி வர மாட்டாள் என்று நினைத்து நைட்டியோடு இருந்தேன். ஓடிப்போய்ப் புடவை மாற்றினேன். பெட்டியில் அந்த நோட்டு கையில் பட்டது.

காரில்: "டீச்சர், நீங்கதானே எல்லார்கிட்டயும் பேசினீங்க. யாருன்னு மட்டும் சொல்லுங்க. போய் ஒரு ஸாரி கேட்டுடறேன். வேலைக்காக இல்ல. ஒன்பது பேரை ஹர்ட் பண்ணியிருக்கேன், எனக்கே தெரியல பாருங்க."

கோயில் பார்க்கிங்கில் சொன்னேன். எல்லாவற்றையும். 'தங்கம்' உட்பட.

அவள் கை இரண்டும் ஸ்டியரிங்கில். கார் ஓடாதபோதும் எடுக்கவில்லை.

"கவிதாக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"ரெண்டு நாளா நான் பேசினதெல்லாம் ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாத்துட்டு இருக்கேன் டீச்சர். அண்ணான்னு கூப்பிட்டது தப்போன்னு கூட."

நான் இறங்கவில்லை. அவள் மட்டும் உள்ளே போய்விட்டு வந்தாள். எனக்கும் குங்குமம் கொண்டுவந்திருந்தாள், காகிதத்தில் மடித்து. வீட்டு வாசலில் விடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பெல்ட்டைக் கழற்ற எனக்கு எப்போதும் வராது, அவள்தான் கழற்றிவிட்டாள்.

கவிதா ஆபீசிலிருந்து வந்தபோது தலைவலி என்று படுத்துக்கொண்டேன். தலைவலி இல்லை.

அக்டோபர் 18, சனி

வெயில் திரும்பிவிட்டது. கவிதா காபி குடிக்கும்போது நோட்டை மேசையில் வைத்தேன். நின்றுகொண்டே படித்தாள். மூன்றாவது பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் கத்துறேனா?"

"கத்தலை. என்னை மாதிரி பேசுற."

"இத ஏன்மா எழுதல? அப்படியே எழுதுன்னு உனக்கு எத்தனை தடவை" என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

ஜெயந்தியிடம் நேற்றே சொல்லிவிட்டேன் என்றேன். அதற்குத்தான் அவளுக்கு அதிகக் கோபம். "அவகிட்ட சொல்ல முடிஞ்சுது. எங்கிட்ட முடியல."



பிறகு போனை எடுத்து ஜெயந்தி நம்பரை ஸ்பீக்கரில் போட்டாள். என்ன சொல்லப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்தாள், மேடைக்கு முன் பிள்ளைகள் பார்ப்பதுபோல்.

மணி அடித்தது. இரண்டு. மூன்று. நின்றுவிட்டது.

மறுபடி போட்டாள். "டிரைவ் பண்ணிட்டு இருப்பா" என்றாள்.

சிவப்பு விளக்கில்கூட எடுப்பவள்.

மூன்றாவது முறை. நோட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டேன். எழுதுகிறேன். இங்கேவரை கேட்கிறது, இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.