லில்லோமார்க்காவில் எரியாத அடுப்பு

2 பெப்ரவரி, திங்கள்

யோகராசா அங்கிளுக்கு விசர். இதை வேறு விதமாக எழுத எனக்குத் தெரியவில்லை. கிழமை முழுக்கச் சுரங்கத்துக்குள் ரி-பான் ரயில் ஓட்டுகிற மனிதர், அந்தக் குறை தீர, எங்கள் தேவாலயப் பங்குத் தமிழ் இளையோரைப் பனிக்குள் கூடாரம் அடித்துப் படுக்க வைக்கப் போகிறாராம். பதினாலாம் திகதி, லில்லோமார்க்கா காட்டில், ஒரு இரவு. "நோர்வேப் பிள்ளையள் மூண்டு வயசிலையே படுக்குதுகள். எங்கடையளுக்கு ஏன் ஏலாது?" என்று நேற்றுப் பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

அம்மா உடனே எழும்பி "மேரின் வருவாள்" என்றார். மேரினிடம் யாராவது கேட்டார்களா? நான் வாயைத் திறக்க முதல் பேப்பரில் பெயர் ஏறிவிட்டது.

4 பெப்ரவரி

அம்மாவோடு சண்டை பிடித்ததில் ஒரு நன்மை. ஈஸ்டருக்கு என் வகுப்புச் சிநேகிதி இங்க்ரிட்டோடு இன்னும் நாலு பேர் அவள் வீட்டாரின் ஹித்தாவுக்குப் போகிறார்கள், மலையில் இருக்கிற மரவீட்டுக்கு. ஒரு கிழமை. என்னையும் கூப்பிட்டிருக்கிறாள். இதுவரைக்கும் ஒரு சிநேகிதி வீட்டிலும் நான் இரவு தங்கியது கிடையாது. எந்தப் பிறந்தநாள் என்றாலும் ஒன்பது மணிக்கு அப்பா வாசலில் நிற்பார்.

அம்மா இன்று இறங்கி வந்தார். "முதல் அங்கிளோடை போயிட்டு வா. பொறுப்பான பிள்ளை எண்டு அவர் சொல்லட்டும். பிறகு ஹித்தாவுக்குப் போ."

ஆகவே என் பதினாறு வயதுச் சுதந்திரம் யோகராசா அங்கிளின் வாயில் இருக்கிறது. நல்லாயிருக்கு.

8 பெப்ரவரி, ஞாயிறு

ஆயத்தக் கூட்டம். அங்கிள் இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்திருக்கிறார். அந்த எடுப்பைப் பார்த்தால் வடதுருவத்துக்கே போய் வந்தது போல இருக்கிறது.

உதவித் தலைவர் டெனிஸ். பதினேழு வயது, புஷ்பமலர் அன்ரியின் ஒரே மகன், பட்டியல் போடுவதற்கென்றே பிறந்தவன். எழும்பி நின்று கம்பளி உள்ளுடுப்பைப் பற்றிப் பத்து நிமிடம் விளக்கினான். "போட்டுக் காட்டுவியா, டெனிஸ்?" என்று கேட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் பட்டியலைப் பார்த்தே கதைத்தான்.

அடுப்புக்கு நாலு காஸ் டப்பா கொண்டுவருவது என் வேலையாம். பேப்பரை நீட்டிவிட்டு நழுவிவிட்டான்.

13 பெப்ரவரி

அந்தப் பேப்பரில் காஸைப் பற்றியே மூன்று வரி. ட்வெய்ட்டா சென்ரருக்குப் போய் இன்ன வகைதான் வாங்க வேண்டுமாம். எதற்கு? எங்கள் பால்கனியில் கோடைக்கு வாங்கியது நாலு அப்படியே கிடக்கிறது. காஸ் என்றால் காஸ். பையில் போட்டாயிற்று.

15 பெப்ரவரி, ஞாயிறு

வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன். நேற்றே திரும்பி வந்துவிட்டோம்.

நேற்றுக் காலையில் கோயில் மண்டபத்தில் டெனிஸ் எல்லாருடைய சாமானையும் வாங்கிப் பை கட்டினான். அம்மெருட் வரை ரி-பான், பிறகு ஒன்றரை மணித்தியாலம் நடை. பதினொரு பேர். அங்கிள் வழி முழுக்கப் பாட்டு. கூடாரம் அடித்து முடிய மைனஸ் பதினாலு. அம்மா கட்டித் தந்த ரோல்ஸைக் கடித்தேன், பல்லுத்தான் வலித்தது. மூக்குக்குள் மயிர் உறைகிறது. இதற்கு இந்த நாட்டில் ஆட்கள் ஆசைப்பட்டு வருகிறார்கள்.

நாலு மணிக்கு டெனிஸ் அடுப்பை மூட்டினான். சின்னதாக ஒரு நீலச் சுவாலை வந்தது, அணைந்தது. அடுத்த டப்பா. அடுத்தது. நாலும் அப்படித்தான். பனியை உருக்கித்தான் தண்ணீர், தண்ணீர் இருந்தால்தான் சூப். விறகு எல்லாம் ஈரம், வெறும் புகை. அங்கிள் கண்ணாடியைப் போட்டு டப்பாவை வாசித்தார்.

"இது கோடைக்குப் பாவிக்கிற காஸெல்லோ. இந்தக் குளிருக்கு எரியாது. ஆர் இதைக் கொண்டுவந்தது?"

டெனிஸ் என்னைப் பார்த்தான். நான் சப்பாத்தைப் பார்த்தேன்.

"சாமானுக்கு நீதானே பொறுப்பு?"

"ஓம் அங்கிள்" என்றான் டெனிஸ்.

அவ்வளவுதான் சொன்னான். ஒரு டப்பாவை ஜக்கெற்றுக்குள் வைத்து அரை மணித்தியாலம் சூடாக்கிப் பார்த்தான். அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர் கிடைத்தது. அதை றொஷானிக்குக் கொடுத்தோம். பன்னிரண்டு வயது, எல்லாரிலும் சின்னவள். சப்பாத்துக்குள் பனி போயிருந்தது. கால்விரல் வெள்ளையாகிவிட்டது, சத்தமில்லாமல் அழுதாள். அந்தக் காலை என் ஸ்வெற்றருக்குள் விட்டு வயிற்றோடு வைத்துக்கொண்டிருந்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. ஆறு மணிக்கு அங்கிள் போதும் என்றார். நெற்றி விளக்கோடு திரும்பி நடந்தோம். அம்மெருட்டில் தாய் தகப்பன்மார் காரோடு நின்றார்கள்.

நான் சொல்லேல்லை. ஏன் சொல்லேல்லை? ஹித்தா. வேறை என்ன. சொன்னால் முடிஞ்சுது. அவன்ரை பேரிலை போனால் என்ன குறைஞ்சுபோவான், அங்கிளின்ரை செல்லம்தானே — இல்லை. எனக்கு நித்திரை வரேல்லை.

17 பெப்ரவரி

றொஷானியின் கால் சரி. டொக்டர் பார்த்துவிட்டார்.

22 பெப்ரவரி, ஞாயிறு

பூசைக்குப் பிறகு தேத்தண்ணி. அங்கிள் அம்மாவிடம், "மேரின் நல்ல பிள்ளை. அந்தச் சின்னனை அவள்தான் பாத்தவள்" என்றார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். ஹித்தா சரி.

மற்றப் பக்கத்தில் றொஷானியின் அம்மா புஷ்பமலர் அன்ரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உங்கடை மகனை நம்பியெல்லோ விட்டனாங்கள்." அன்ரி கோப்பைகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். டெனிஸ் இனி உதவித் தலைவர் இல்லையாம்.

அவனுக்கு வாய் இல்லையா? பெரிய தியாகியாம். அவனாகச் சொல்லியிருந்தால் எனக்கு இந்தக் கரைச்சல் இல்லை.

8 மார்ச்

இங்க்ரிட் எனக்கு ஸ்கீ இரவல் எடுத்து வைத்திருக்கிறாள். புஷ்பமலர் அன்ரி இரண்டு ஞாயிறாகப் பூசைக்கு வரவில்லை.

15 மார்ச், ஞாயிறு

சொல்லிவிட்டேன். தேத்தண்ணி நேரம், எல்லாரும் நிற்க. காஸ் நான் கொண்டுவந்தது, வீட்டில் கிடந்தது, பேப்பரில் இருந்ததைச் செய்யவில்லை என்று. அங்கிள் "சரி பிள்ளை, சரி பிள்ளை" என்றார், பிறகு டெனிஸைத் தேடிப் போனார். றொஷானியின் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் உரியவள்தான்.

வீட்டுக்குப் போகும்போது லிஃப்டுக்குள் அம்மா சொன்னார்: "ஹித்தா இல்லை. காஸுக்காக இல்லை. ஒரு மாசம் அந்தப் பெடியனை ஏச்சு வாங்க விட்டிட்டு இருந்தாய் பார், அதுக்கு."

இங்க்ரிட்டுக்கு நான் வரவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

3 ஏப்ரல், பெரிய வெள்ளி

இங்க்ரிட் படம் போட்டிருக்கிறாள். ஐந்து பேர் வெயிலில், பனி மேல் குந்தியிருந்து தோடம்பழம் உரிக்கிறார்கள். தோடம்பழம் உரிக்க மலைக்குப் போக வேண்டுமா? — போயிருப்பேன். ஓடிப் போயிருப்பேன்.

நான் மண்டபத்தில் கஞ்சிக்கு வரிசையில். புஷ்பமலர் அன்ரி வந்திருந்தார், அவர்தான் ஊற்றினார். டெனிஸ் தன் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றான். மன்னிப்புக் கேட்டேன்.

"அதை விடு" என்றான். "காஸ் லேபிளை நான் அண்டைக்குக் காலமையே பாத்தனான். பை கட்டேக்கை."

"பிறகேன் சொல்லேல்லை?"

"உன்னட்டையோ? எல்லாருக்கும் முன்னாலை நக்கலடிப்பாய். சிலவேளை எரியும் எண்டு நினைச்சு வைச்சிட்டன்."

அதற்கும் ஒரு நக்கல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்ல நக்கல். எல்லாரும் சிரித்திருப்பார்கள். அவன் அதை எதிர்பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

நான் கஞ்சியைக் குடித்தேன்.