வண்டியை நஸ்ரின்தான் ஓட்டினாள், மாப்ள

என் பிரியத்துக்குரிய மாப்ள சாதிக்,

நல்லா இருக்கியா என்று கேட்டால் சிரிப்பாய். இருந்தாலும் கேட்கிறேன். நீ இருக்கிற இடத்தில் ரோடு எப்படி? தம்மாம் மாதிரி ஒரே நேராகப் போகிறதா, இல்லை உனக்குப் பிடித்த மாதிரி வளைந்து வளைந்து ஏறுகிறதா?

இங்கே எல்லாரும் சுகம். குன்னத்தில் இந்த வருசம் மழை ஏமாற்றவில்லை. என் காட்டில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிறது. என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி மலருக்கு முட்டிவலிதான், மற்றபடி வாய் எல்லாம் பழையபடி நன்றாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உன் வேன் மலை ஏறியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

இதை வேறு நாலு பேரும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

பெரம்பலூரில் ஐடிஐ படித்த காலத்தில் ஆரம்பித்த மாமன் மச்சான் உறவு நம்முடையது. நீ சவூதியில் தம்மாமுக்கு டிரெய்லர் ஓட்டப் போனாய், நான் வெங்காயம் போட வந்துவிட்டேன். ஒவ்வொரு லீவிலும் ஒரு நாள் நமக்கென்று இருந்தது. காலையில் பச்சைமலை, மத்தியானம் என் காட்டில் சாப்பாடு, சாயங்காலம் தரங்கம்பாடி கடல். "கடல் தாண்டிப் போயி வர்ற மனுசனுக்கு லீவுலயும் கடலா?" என்று உன் வீட்டுக்காரி ஜெமீலா கேட்பாள். "மணலப் பாத்துப் பாத்துக் கண்ணு வறண்டு போச்சு புள்ள" என்பாய். அவளையும் மகள் நஸ்ரினையும் அடுத்த லீவில் கூட்டிப்போவதாகச் சொல்வாய். அந்த அடுத்த லீவு மட்டும் வரவே இல்லை.

அதில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே ரோட்டின் வலது பக்கம் ஓட்டிப் பழகிய கை உனக்கு. ஊருக்கு வந்த புதிதில் எல்லாமே தலைகீழ். டிரைவர் சீட்டு என்று நினைத்து இடது பக்கக் கதவைத் திறந்து என் மடியில் உட்காரப் பார்த்திருக்கிறாய். உன் ஊர் லப்பைக்குடிக்காடு கடைத்தெருவில் திரும்பினால் வண்டி தானாக வலது பக்கம் ஒதுங்கும். பக்கத்தில் உட்கார்ந்து "லெஃப்ட்டு மாப்ள, லெஃப்ட்டு" என்று கத்துவதுதான் என் வேலை. எனக்கு சைக்கிளைத் தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாது. ஆனாலும் நான் இல்லாமல் அந்த வண்டி ஓடாது என்று எனக்கு ஒரு மிதப்பு. உனக்குக் கை பழகிய பிறகும் என் வாயை நீ மூடச் சொன்னதில்லை.

ஒரேடியாக ஊருக்கு வந்துவிட்டேன் என்று போன் பண்ணினாய். அந்த மாசமே நெஞ்சுவலி என்று போன் வந்தது. அதை விடு. அழுகிற கடிதம் எழுத நான் உட்காரவில்லை.

ஜெமீலா வீட்டுக்குள்ளேயே துக்கம் காக்கிற இத்தா முடிந்து வெளியே வந்த வாரம் என்னைக் கூப்பிட்டாள். வாசலில் தார்ப்பாய் போர்த்தி வேன் நின்றது. "அவரு இல்லாம இது இப்படி நிக்கிறத தெனமும் பாக்க முடியலண்ணே. அரியலூர்லேந்து ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போயிருக்காரு. குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றாள்.

"நான் ஓட்டுறேம்மா" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். நஸ்ரின்.

அடப்பாவி மாப்ள! உன் மகள் பெரம்பலூரில் டிரைவிங் படித்து லைசென்ஸ் வாங்கியது எனக்குத் தெரியும். ஆனால் நீ தம்மாமில் இருந்தபடி வீடியோ கால் போட்டு, எந்த மேட்டுக்கு எந்த கியர் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னிடம்கூட மூச்சு விடவில்லையே நீ. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஜெமீலா மகள் பக்கம் திரும்பினாள். "சரி. அவரு போற மாரியே மலைக்குப் போயி, கடலுக்குப் போயி என்னைய வூட்டுக்குக் கொண்டாந்து சேத்துடு. வண்டி இருக்கட்டும். நடுவுல ஒரு தடவ நான் பயந்தாலும் வித்துப்புடுவேன். அப்புறம் ஒரு வார்த்த பேசக் கூடாது" என்றாள். நஸ்ரின் தலையை ஆட்டினாள். அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அவளுக்கு அது வெறும் வண்டி இல்லை மாப்ள. உன்னிடம் படித்த ஒரே பாடம் அதில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஃபஜர் தொழுதுவிட்டுக் கிளம்பி வந்து, குன்னத்தில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். ஜெமீலா பின்னால், நான் என் பழைய முன் சீட்டில். பெரம்பலூர் தாண்டி துறையூர் ரோட்டில் உன் மகள் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஓட்டினாள். ஒரு குலுக்கல் இல்லை. ஜெமீலா கையில் ஓதி எண்ணுகிற தஸ்பீஹ் மணி உருண்டுகொண்டே இருந்தது.

சோபனபுரம் தாண்டி மலை ஏற ஆரம்பித்தோம். மூங்கில் புதர், ஈரமான பாறை, கீழே பொட்டுப் பொட்டாக வீடுகள். நீ நிறுத்தி மூச்சு இழுக்கிற அதே காற்று. மூன்றாவது கியர், இரண்டாவது கியர் என்று உன் மகள் தனக்குத் தானே முணுமுணுத்தபடி ஒவ்வொரு வளைவையும் எடுத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலேயிருந்து பஸ் வந்தது. நஸ்ரின் சரியான பக்கத்தில், சரியான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள். என் வாய் கேட்கவில்லையே! இத்தனை வருசப் பழக்கம். "லெஃப்ட்டு! லெஃப்ட்டு! லெஃப்ட்டு!" என்று அடித்தொண்டையில் கத்திவிட்டேன். பாவம் பிள்ளை, மாமா கத்துகிறாரே என்று இடது பக்கம் இன்னும் ஒடித்தாள். பாறையோரம் இருந்த கல் வாய்க்காலில் முன் சக்கரம் டமால் என்று இறங்கியது.

யாருக்கும் கீறல்கூட இல்லை. பஸ் நின்றது. பலாப்பழமும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன சனமெல்லாம் இறங்கி வந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஐலசா போட்டு, வண்டியைப் பொம்மை மாதிரி தூக்கி ரோட்டில் வைத்தார்கள்.

"யாரும்மா ஓட்டுனது?" என்றார் பஸ் டிரைவர்.

"நான்தாங்க."

"நீ சரியாத்தானே வந்த. பக்கத்துல ஒக்காந்து ஊள போட்டது யாரு?"

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள் மாப்ள. ஒரு பாட்டி பலாப்பழத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையிலிருந்து கால் வரை என்னை அளந்தது. நீ மட்டும் அங்கே இருந்திருந்தால் ரோட்டில் உருண்டு சிரித்திருப்பாய்.

ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நஸ்ரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், கண் கலங்கியிருந்தது. அவள் ஜெயிக்க வேண்டிய நாளை நான் வாய்க்காலில் இறக்கிவிட்டேன். ஜெமீலா ரோட்டோரம் போய் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"அண்ணே, நீங்க பின்னால போயி ஒக்காருங்க" என்றாள். அவ்வளவுதான். அவள் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மேலே போனது, அருவியில் கால் நனைத்தது எல்லாம் நடந்தது. ஆனால் நான் பரீட்சையில் பிட்டோடு மாட்டியவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் என் காட்டு வேப்பமரத்தடியில் மலர் சோறு போட்டாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "இவரக் கூட்டிப் போனதே தப்பு. ஆட்டுக்குட்டிய ஏத்திருந்தாக்கூட அது பேசாம வந்துருக்கும்" என்றாள். ஜெமீலா சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் வண்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அரியலூரில் சிமெண்ட் லாரிகள் வரிசை கட்டி நின்றன. புர்கா போட்ட பெண் பிள்ளை வேன் ஓட்டி வருவதைப் பார்த்து ஒரு லாரி டிரைவர் ஓரம் கட்டி, கை காட்டி வழி விட்டார். உன் பழக்கம் அப்படியே இருக்கிறது, அவளும் ஹாரனைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி நன்றி சொன்னாள். ஜெயங்கொண்டம், அணைக்கரைப் பாலம், கொள்ளிடத்து மணல், அதற்கப்புறம் கண்ணுக்கு எட்டுகிற வரை பச்சை வயல். நம் வறண்ட காட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பச்சையைப் பார்த்தால் உனக்குப் பாட்டு வருமே. பின் சீட்டில் நான் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தரங்கம்பாடியில் வெயில் தாழ்ந்துவிட்டது. கடல் காற்றில் ஜெமீலாவின் துப்பட்டா படபடத்தது. மூன்று பேரும் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். அப்போது பார்த்து அந்த அரியலூர்க்காரர் போன் பண்ணினார். நஸ்ரின் கையிலிருந்த சுண்டல் பொட்டலம் அப்படியே நின்றது. நான் கடலைப் பார்த்துக்கொண்டேன். வேறு எங்கே பார்ப்பது?

"வண்டிங்களா? விக்கிறதுக்கு இல்லங்க" என்றாள் ஜெமீலா. அவர் என்னமோ கேட்டார். "இல்லங்க, சும்மா நிக்கல. எம் புள்ள ஓட்டுது."

போனை வைத்தாள். நஸ்ரின் அம்மா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "மலையில பயந்தியேம்மா..." என்று இழுத்தாள்.

"பயந்தேன். ஒன் மாமன் போட்ட சத்தத்துக்குப் பயந்தேன். நீ ஓட்டுனதுக்கு எதுக்கு பயப்படணும்?"

நான் அழுதேன் மாப்ள, வெட்கப்படாமல் சொல்கிறேன். அழுகிற கடிதம் இல்லை என்று மேலே எழுதினேனே, இந்த ஒரு வரியை மட்டும் கணக்கில் சேர்க்காதே.

திரும்பி வரும்போது அணைக்கரைப் பாலம் வரும் முன்னாலேயே ஜெமீலா முன் சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நீ போனதிலிருந்து ராத்திரியில் தூக்கமே இல்லை என்று சொன்னவள் மாப்ள, தஸ்பீஹ் மடியில் கிடக்க, வாய் லேசாகத் திறந்திருக்க, மகள் ஓட்டிய வண்டியில் அப்படித் தூங்கினாள். அவள் விழித்துவிடக் கூடாதென்று நஸ்ரின் ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்துப் பார்த்து இறக்கினாள்.

அடுத்தது கொல்லிமலை என்கிறாள் உன் மகள். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அறுப்பு, இடுப்புவலி என்று எந்தச் சாக்கும் சொல்லாமல், அவள் எந்த ரோட்டுக்குக் கூப்பிட்டாலும் போவேன். எவ்வளவு பெரிய வளைவு வந்தாலும் ஜெமீலா மாதிரியே நானும் கண்ணை மூடித் தூங்குவேன்.

உன் வூட்டுப் பிள்ளைக்கு மாமனும்,
உனக்கு என்றைக்கும் மச்சானுமான
செல்வராசு