சுடாத கால்

ஏப்ரல் 4, வெள்ளி. சிலமலை.

வெயில். பஸ்சில் ஜன்னலோரம் கிடைத்தும் பயனில்லை, காற்றே அனல். இந்த ஐந்து நாள் லீவுக்குப் பெங்களூர் ஆய்வகத்தில் அத்தனை கெஞ்சல். நான் தட்டில் வளர்க்கும் செல்களுக்கு யார் சாப்பாடு போடுவது என்பதுதான் பிரச்சினை. கூட வேலை பார்க்கும் ரம்யா ஒப்புக்கொண்டாள். அவளுக்கு விட்டு வந்த குறிப்பு: திரவம் மாற்றுவது ஞாயிறு, செவ்வாய். தட்டு ஏ, தட்டு பி இரண்டையும் ஒரே பிப்பெட்டால் தொடாதே. சந்தேகம் வந்தால் கூப்பிடு. வராவிட்டாலும் கூப்பிடு.

வீட்டில் அம்மா இல்லை. காப்புக் கட்டிய கையோடு ஏலத்தோட்டத்துக்குக் களையெடுக்க ஜீப்பில் ஏறிவிட்டாளாம். காப்புக் கட்டினால் வெளியூரில் ராத்தங்கல்தான் கூடாதாம், போய்வரலாமாம். செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலில் பூக்குழி. எனக்கு ஆய்வகத்தில் இடம் கிடைக்க வேண்டும் என்று மூன்று வருடம் தீ மிதிப்பதாக நேர்ந்திருக்கிறாள். இது மூன்றாவது.

சாயங்காலம் அம்மா திரும்பியதும் பே.அத்தை (பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள், அவளும் தீயில் இறங்குகிறாள்) வந்து அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். போன வருடத்திலிருந்து தெருவில் இப்படித்தான். முதல் வருடம் கொப்புளம் போட்ட கால், இரண்டாம் வருடம் கங்கில் நடந்தும் சுடவேயில்லையாம். ஆத்தா காத்த கால். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட அம்மாவிடம் திருநீறு வாங்க வருகிறார்கள். கொஞ்சம் கூச்சத்தோடும் நிறையப் பெருமையோடும் பூசிவிடுகிறாள். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

சார்ஜர் மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி.

மேகம் கட்டிக் கலைந்தது. மழை இல்லை.

அம்மா கால் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். சிமெண்டுத் தரையில் ஈரத்தடம். ஒரு தடத்தில் ரத்தம். பார்த்தால் குதிகாலில் ஒடிந்த முள், சுற்றிலும் சீழ். எப்போது குத்தியது என்று தெரியவில்லையாம். ஊசியால் எடுத்தேன். நல்ல ஆழம். முகம் சுளிக்கவில்லை. சித்தி மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

கண்ணை மூடச் சொல்லி, விளக்குமாற்று ஈர்க்கால் விரல் விரலாகத் தொட்டேன். எந்த விரல் என்று கேட்டேன். இன்னும் தொடவில்லையே என்றாள். பிறகு வெந்நீரில் முக்கியெடுத்த ஸ்பூனை வைத்தேன். பாதம், கணுக்கால், ஒன்றுமில்லை. கெண்டைக்காலுக்கு வந்த பிறகுதான் சுடுகிறது என்றாள்.

சுகர் வந்து பல வருடம். மாத்திரை போடுகிறாள். காலை யாரும் பார்த்ததில்லை. நானும்.

போன வருடம் ஏன் சுடவில்லை என்பது தெரிந்துவிட்டது. பூக்குழி முடிந்து ரொம்ப நாள் ஆறாமல் கிடந்த புண்ணைச் செருப்புக் கடி என்று போனில் சொன்னாளே. அது தீப்புண்.

ஏப்ரல் 6, ஞாயிறு.

ரம்யா போன். செல்கள் நலம்.

என் வேலை என்னவென்று அம்மாவிடம் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. இன்று சொன்னேன், அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது. எப்போதோ ஒரு மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல். இன்றும் பெருகிக்கொண்டே இருக்கிறது. அதற்குச் சூடும் உறைக்காது, மிளகாய்க் காரமும் உறைக்காது. அதன் சவ்வில் அவற்றை உணரும் புரதம், அதாவது ஏற்பி, இல்லை. ஒரு மரபணுவை நாங்கள் உள்ளே வைத்தால், ஏற்பியை அதுவே செய்து சவ்வில் பதித்துக்கொள்ளும். அதன்பின் சூடு பட்டால் ஏற்பி திறக்கும், கால்சியம் உள்ளே பாயும், நாங்கள் சேர்த்த சாயம் பச்சையாக ஒளிரும். ஏற்பி வைத்த செல் தட்டு ஏ. வைக்காதது, ஒப்பிட்டுப் பார்க்க, தட்டு பி.

அவளிடம் சொன்னது இன்னும் சுருக்கம். சுடுதுன்னு சொல்ற ஆள் ஏ-யில் இருக்கு, பி-யில் இல்ல.

போனில் வீடியோ காட்டினேன். சூடேற்றும் கருவி ஒருநாள் அளவு மீறிப்போனபோது எடுத்தது. ஏ முழுக்கப் பச்சை. பி இருட்டு. அன்று நோட்டில் பி-க்கு நேராக 'மாற்றம் இல்லை' என்று எழுதியிருந்தேன்.

அம்மாவுக்கு பி-யைப் பிடித்துவிட்டது. "இதுதான் என்னய மாதிரி. அசையுதா பாரு."

மறுநாள் காலை எடுத்த படத்தைக் காட்டினேன். இரண்டிலும் செல்கள் தட்டின் அடியிலிருந்து கழன்று மிதக்கின்றன. எல்லாம் செத்தவை. பி-யும்தான்.

பெரிதாக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்ப போன வருசம் ஆத்தா என்னயக் காக்கலையா?"

அழுகை எனக்குத்தான் வந்தது. அவள் பூண்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 7, திங்கள்.

புழுக்கம். அம்மா வேலைக்குப் போகவில்லை.

பக்கத்திலுள்ள போடி ஊர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி அவளைக் கூப்பிட்டேன். இந்த வருடம் வேண்டாம் என்று கெஞ்சினேன். நேர்த்திக்கடனை நிறுத்தினால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்பதுதான் அவள் பயம். எனக்கு ஒன்றும் ஆகாது என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது.

என் பயங்கள்: புண். அது ஆறாதது. விரலை எடுப்பது. பாதத்தையே எடுப்பது. இன்னொன்றும் உண்டு. அப்பா போனபின் ஊரில் அவளுக்கு மரியாதை என்று இருந்தது அந்தக் கால்தான். அதை நான் பிடுங்குகிறேன்.

கோயிலில் விறகு அடுக்கியாயிற்று. மைக்செட் காதைப் பிளக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்.

மஞ்சள் சேலை, கையில் வேப்பிலை. அம்மா கிளம்பினாள். பின்னாலேயே போனேன்.

குழிக்கு முன்னால் பெண்கள் வரிசை. அம்மாவுக்குப் பின்னால் பே.அத்தை. கங்கைத் தட்டிச் சமமாக்கியிருந்தார்கள். தள்ளி நின்ற எனக்கே முகம் காந்தியது.

அம்மாவின் முறை. பூசாரி கைகாட்டினார். அவள் இறங்கவில்லை. வேப்பிலையை அவர் கையில் கொடுத்தாள். வரிசையை விட்டு விலகி, குழியோரம் விழுந்து கும்பிட்டாள். மேளம் நிற்கவில்லை, ஆனால் கூட்டம் மொத்தமும் அவளைத்தான் பார்த்தது. பே.அத்தை பதறிக் குனிந்து என்ன ஆயிற்று என்றாள்.

அம்மா எழுந்து உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எங் காலுக்கு உணர்ச்சி இல்ல பேச்சி. போன வருசமும் இல்ல. சுகரு. ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்."

அடுத்தது பே.அத்தை. பூசாரி இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் போகவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தன் கால்களை நீட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக:

"எனக்கும் ரெண்டு வருசமா அப்படித்தான் தாயி. நா யார்ட்டயும் சொல்லல."