பெரியம்மாவாக நடித்த ஷாம்பூக்காரி

கண்ணு,

அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நலம். அது மட்டும் தனிக் குடித்தனம் நடத்துகிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, போன வாரம் வீடியோவில் பார்த்தபோது கன்னம் ஒட்டிக் கிடந்தது, கேமராக் கோளாறு என்று சொல்லித் தப்பிக்காதே. மாடி வீட்டுக்காரர் குழாயைச் சரிசெய்கிறேன் என்று உடைத்து வைத்ததில் நம் சமையலறைச் சுவர் ஊறிப்போய் அலமாரியை நடுவில் இழுத்துப் போட்டிருக்கிறோம், அதை இடித்துக்கொள்ளாமல் அடுப்புக்குப் போக முடியவில்லை. பெரியம்மா கையெழுத்துப் போட்டாளா என்று நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய். ஆபீஸ் முழுக்க எங்கள் பெரியம்மாவைப் பற்றிப் படம் வருகிறது என்று சொல்லி வைத்திருக்கிறாய், தெரியும். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை காலையில் படக் கம்பெனிக்காரர்கள் கார் அனுப்பினார்கள். முப்பது நாற்காலி போட்ட சின்னத் தியேட்டர், ஏசி குளிரில் அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வாசலிலேயே ஒரு மேஜை, அதில் ஒரு தாள், இது என் வாழ்க்கையில் நடந்த உண்மைக் கதை, என் பெயரைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன் என்று அச்சடித்து, பக்கத்தில் பேனாவை மூடியைக் கழற்றியே வைத்திருந்தார்கள், அவ்வளவு நம்பிக்கை. படம் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றாள் அக்கா.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டதால் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நூல் மில்லில் நானும் அக்காவும் ஒரே ஷிப்ட். மெஷினை ஓட்டுகிற பெல்ட்டுக்கு மறைப்பு எதுவும் கிடையாது. குனிந்து அறுந்த இழையைக் கட்டும்போது என் பின்னல் பெல்ட்டில் மாட்டியது. மெஷினை நிறுத்த, பெல்ட்டைத் தள்ளிவிட ஒரு குச்சி இருக்கும், அன்றைக்குப் பார்த்து அது இடத்தில் இல்லை. அக்கா வெறுங்கையால் தள்ளினாள். மெஷின் நின்றது, என் தலை பிழைத்தது, அவளுடைய வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கட்டுப் போட்ட கையோடு பதினோரு நாள் மில் கேட்டில் மறியலுக்கு உட்கார்ந்தாள், அவளோடு நாங்கள் எல்லாரும். ஒவ்வொரு பெல்ட்டுக்கும் கம்பி வலை போட்ட பிறகுதான் உள்ளே போனோம்.

இப்போது படத்துக்கு வா. அக்காவாக நடிப்பது அந்த ஷாம்பூ விளம்பரத்துக்காரி. இடுப்பு வரை முடியை விரித்துப் போட்டுக்கொண்டு மெஷினுக்கு மெஷின் மிதந்து போகிறாள். முடி மாட்டியதால் நடந்த கதையில் தலைவிரி கோலமாக ஒருத்தி! எங்கள் மேஸ்திரி பார்த்திருந்தால் முதல் நாளே கேட்டுக்கு வெளியே தள்ளியிருப்பார். எட்டு மணி நேரம் நின்றால் புருவம் வரை பஞ்சு ஏறி எல்லாரும் கிழவிகளாகத்தான் வெளியே வருவோம், இவள் முகத்தில் ஒரு துளி பஞ்சு இல்லை. கேட்டால் பஞ்சு பட்டால் மேடத்துக்குத் தும்மல் வருகிறதாம். மெஷின் பக்கத்தில் நின்று காதோரம் கிசுகிசுக்கிறாள். அந்த இரைச்சலில் கத்திக் கத்தித்தானே உன் பெரியம்மா இன்றைக்கும் போனில் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுகிறாள்? விரல் பத்தும் பத்திரமாக இருக்கிறது, நகப்பூச்சோடு. விரல் போனால் ஜனங்கள் தாங்க மாட்டார்களாம், அதனால் நெற்றியில் அளவாக ஒரு தழும்பு, அதுவும் பொட்டு வைத்த மாதிரி அழகாக.

என்னைத் தேடினேன். நான் இல்லை. எனக்குப் பதிலாக ஒரு வாலிபன், இஞ்சினியராம், அவன் சட்டை மாட்டுகிறது, அவள் காப்பாற்றுகிறாள், பிறகு இரண்டு பேரும் மழையில் பாடுகிறார்கள். உன் அம்மாவுக்கு மீசை முளைத்து அவள் அக்காவையே காதலிக்கிறாள், போ. அப்பாவிடம் சொன்னேன், முழங்கால் வலியையும் மறந்து சிரித்தார்.

விளக்குப் போட்டதும் டைரக்டர் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். பணிவான பிள்ளைதான், அம்மா அம்மா என்றுதான் பேசினார். சாதாரண முகத்தைப் பார்க்க யாரும் தியேட்டருக்கு வர மாட்டார்கள், மேடம் மூன்று மாதம் மில் வேலை பழகினார், தங்கை பாத்திரம் வைத்தால் காதலுக்கு இடமில்லை என்றார். அப்படியானால் எங்களை ஏன் தேடி வந்தீர்கள், அழகானவர்களுக்கு நடந்ததையே படம் எடுக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். உண்மைக் கதை என்று போட்டால்தான் மதிப்பு என்றார். முகம் வேண்டாம், விரல் வேண்டாம், பெயர் மட்டும் வேண்டுமாம்.

இவ்வளவு பேசினேனே, கடைசியில் நானே அக்காவின் காதில் சொன்னேன், போட்டுவிடு, உன் பேராவது நாலு பேருக்குத் தெரியட்டும், பிள்ளையும் ஆசைப்படுகிறாள் என்று. அக்கா மூன்று விரலால் அந்தத் தாளை எடுத்து முழுசாகப் படித்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அந்தப் பெண் லட்சணமாக இருக்கிறாள், அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்றாள். பிறகு சொன்னாள்:

"நான் ஒண்ணும் பெரிய வீராங்கனை இல்ல தம்பி. அன்னிக்கு மாட்டினது இவ. வேற யாராவது மாட்டியிருந்தா நானும் குச்சியத் தேடித்தான் ஓடியிருப்பேன். இவ இல்லாத கதையில எனக்கு என்ன வேலை?"

அவர் பேனாவை மூடினார். பரவாயில்லை, வேறு பெயர் வைத்து இதே படத்தை வெளியிட்டுக்கொள்கிறோம் என்றார். சரி, கார் வீட்டில் விடுமா என்று கேட்டாள் அக்கா.

கண்ணு, நாற்பத்திரண்டு வருஷமாக நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், யார் மாட்டியிருந்தாலும் எங்கள் அக்கா பெல்ட்டில் கையை விட்டிருப்பாள் என்று. மேடையில்கூடச் சொல்லியிருக்கிறேன், அவள் ஒரு நாளும் மறுத்ததில்லை. காரில் அழுதுவிட்டேன். டிரைவர் பார்க்கிறார், மூக்கைத் துடை என்று அதட்டினாள்.

அதனால் ஆபீஸில் சொல்லிவிடு, அது எங்கள் பெரியம்மா இல்லை என்று. சங்கடமாகத்தான் இருக்கும், சொல். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவுக்குப் போன் போட மறக்காதே, இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே, சும்மா பேசு. உடம்பைப் பார்த்துக்கொள், இராத்தூக்கம் கெடாமல், மனசுக்குப் பிடித்தவர்கள் பக்கத்தில் இருக்க, நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
படத்தில் இல்லாத உன் அம்மா