இரண்டு கதவு வைத்த அறை

2022 ஜூன் 14
சேலையூரில் ஏகநாதன் சார் தன் காலி மனையில் ஃபிளாட் கட்டப் போகிறார். வரைபடம் முழுக்க என் பொறுப்பு என்று எங்கள் முதலாளி பத்ரி சார் ஆபீஸில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நான் தனியாக வரையும் முதல் கட்டடம்! முதல் மாடியில் மகன் குமரேசனுக்கு ஒரு வீடு, மகள் கோகிலவாணிக்கு ஒரு வீடு. இரண்டுக்கும் நடுவே ஓர் அறை, இரு பக்கமும் கதவு. எந்த வீட்டுக்கு இடம் தேவையோ அந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும், மற்றது பூட்டியிருக்கும். தேவை மாறினால் கதவும் மாறும். என்னை நானே மெச்சிக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன்.

ஜூன் 20
மண்ணைக் கவ்வினேன். வரைபடத்தை விரித்து, “விருந்தாளி வந்தா நடு ரூம்ல தங்கிக்கலாம்” என்று ஆரம்பித்ததுதான் தாமதம், கோகிலவாணி அக்கா பிடித்துக்கொண்டார்.
“விருந்தாளியா? எம் பையன் உதயா எட்டாவது படிக்கிறான்மா. ஒம்பதாவது வந்தா கேபிளையே கட் பண்ணப் போறோம். யாரும் வரக்கூடாதுன்னு நாங்க கீறோம், நீ ரூமு கட்டிக் கூப்புடுறே!”
“நடுவுல ஒரு செவுரு, ஆளுக்குப் பாதி. சண்டையே வராது மேடம்” என்றார் குமரேசன்.
ஏகநாதன் சார் இரண்டு பேரையும் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒத்துக்கினா கட்டு. இல்லாட்டி செவுருதான். ஞாயித்துக்கெழமை சொல்லு.”
பாதி அறையில் செருப்பு ஸ்டாண்டுதான் வைக்க முடியும்.

ஜூன் 21
அழுகையா வருது. ச்சே, எப்படி மறந்தேன்? நான் பத்தாவது படிச்சப்போ எங்க வீட்டுலயும் சித்தியை வராதேன்னு சொன்னாங்களே. ஹால்ல டிவி மேல போர்வையைப் போர்த்திட்டு, அதுக்கு எதிர்ல உக்காந்துதானே படிச்சேன்? — ஒரு நிமிஷம். இதைத்தானே அவங்ககிட்ட கேட்கணும்?

ஜூன் 26
கேட்டேன். “அக்கா, உதயா எங்க உக்காந்து படிப்பான்?”
கோகிலவாணி அக்கா, நடு அறை எந்த வருஷம் யாருக்கு வேண்டும் என்று விரல் மடக்க ஆரம்பித்தார். முதலில் உதயா பத்தாவது. அடுத்த வருஷம் குமரேசன் மகள் வேதா பத்தாவது. அப்புறம் உதயா ப்ளஸ் டூ. அதற்கும் அடுத்த வருஷம் வேதா.
“முட்டவே இல்லடா குமரேசா!”
“எக்ஸாம் முடிஞ்ச அன்னிக்கே காலி பண்ணணும். அப்புறம் பேஜார் பண்ணக்கூடாது.”
“சாவிய உன் கையிலயே குடுத்துடறேன், போ.”
குமரேசன் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார். ஏகநாதன் சார், “இன்னாமா பாக்குறே? கட்டு” என்றார். ஆபீஸ் வரைக்கும் வண்டியிலேயே பாடிக்கொண்டு வந்தேன்.

2024 ஆகஸ்ட் 28
பால் காய்ச்சினார்கள். பாயசம் இரண்டு வீட்டிலும் குடித்தேன்.

2025 மார்ச் 4
பொழிச்சலூரில் வீடு கட்டப் போகிற ஒருவர் நடு அறையைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார். பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனேன். மாடிப்படியிலேயே குமரேசன் கையைக் குறுக்கே நீட்டினார். காலிங்பெல் ஒயரைக்கூடப் பிடுங்கி வைத்திருக்கிறார் மனுஷன்.
“மெதுவா பேசுங்க மேடம். உள்ள எம் மருமவன் படிச்சினுகிறான். எக்ஸாம் முடியட்டும், வாங்க.”
“சார், அந்த ரூமை வரைஞ்சதே நான்தான்.”
“இருக்கட்டும் மேடம். எங்கப்பாவையே உள்ள விடல.”
பொழிச்சலூர்க்காரர் சாத்தியிருந்த வாசல் கதவைப் பார்த்தார், குமரேசனைப் பார்த்தார். “எனக்கும் இதே மாதிரி போட்டுடுங்கம்மா” என்று என் காதோரம் ரகசியமாகச் சொன்னார்.