மூன்றாவது மேசையின் வெளிச்சம்

3 நவம்பர், திங்கள்
காலையிலிருந்து மழை. கண்ணாடிக் கூடத்தில் 21 டிகிரி. ஏழு மணிக்குக் கறுப்புத் துணியை விலக்கினேன். கிறிஸ்துமஸுக்கு வளர்க்கும் பாயின்செட்டியாச் செடி எல்லாம் உச்சி இலை சிவக்கத் தொடங்கிவிட்டன. மூன்றாவது மேசை மட்டும் பச்சை. கீரைப் பாத்தி மாதிரி.

தினம் பதினான்கு மணி நேரம் கும்மிருட்டு இருந்தால்தான் அது சிவக்கும். நடுவில் கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் போச்சு.

சூப்பர்வைசர் ரஹீம் பாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு: "ஸ்டெல்லா அக்கா, துணிய ஒழுங்கா இழுக்கறீங்களா இல்லையா? இந்த மேசை சர்ச் ஆர்டர் லா, அறுபது தொட்டி. சிவக்கலன்னா மேனேஜர் உங்களத்தான் வீட்டுக்கு அனுப்புவாரு."

நானா இழுக்கத் தெரியாதவள்? எட்டு வருஷம்! எரிச்சல்.

வாங்க: பால், இருமல் மருந்து.

4 செவ்.
துணிக்குள் நின்று ஓட்டை தேடினேன். ஊசிமுனை அளவுகூட இல்லை. ரஹீம் பாய் மேசைக்கு ஒரு கருவி வைத்தார். வெளிச்சம், சூடு இரண்டையும் இரவு முழுக்கத் தானே குறித்துக்கொள்ளுமாம்.

5 புதன்
மூன்றாவது மேசைக் கருவியில்: இரவு 11.00க்கு வெளிச்சம், பத்து நிமிடம். அப்போது சூடு 21 டிகிரியிலிருந்து 16க்கு இறங்கியிருக்கிறது. மற்ற மேசைகளில் ஒன்றுமில்லை.

"மெஷின் ஸ்பாயில் போல." வேறு வைத்தார்.

கேட் ஒன்பதுக்கே பூட்டு. வாட்ச்மேன் கிடையாது. போன வருஷம் வரை இருந்தார், என் சேவியர். பதினொரு மணி ரவுண்டு. மூன்றாவது மேசைப் பக்கம் ஆணியில் தொங்கும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இருட்டென்றால் பயம் அந்த மனுஷனுக்கு. துணிக்குள் டார்ச் அடித்து அந்த மேசையைக் கெடுத்துவிட்டு என்னிடம் திட்டு வாங்குவார். "செடிக்கு இருட்டு ஓகே, எனக்கு ஆகாது லா," என்பார்.

6 வியா.
புதுக் கருவி. 11.00. பத்து நிமிடம். 16.

அவருடைய டார்ச் என் வீட்டு அலமாரியில். அடக்கத்தன்று பேட்டரியைக் கழற்றியதும் நான்தான். திறந்து பார்த்தேன். அப்படியே இருக்கிறது.

இருமல் விடவில்லை.

7 வெள்ளி
ஐந்துக்குத் துணியை இழுத்துவிட்டு உள்ளேயே நின்றேன். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். மூன்றாவது மேசையருகே ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி குளிர்.

வாய்விட்டே சொன்னேன். "என்னங்க, டார்ச்ச அணைச்சிருங்க. இது சிவக்கலன்னா என் வேலை போயிரும்."

எங்கோ ஒரு இலை உதிர்ந்தது. வேறு சத்தம் இல்லை.

8 சனி
வெளிச்சம் இல்லை. இரவு முழுக்க 21.

"மெஷின் வச்சதும் ஒழுங்கா இழுத்துட்டீங்க பாத்தீங்களா!" ரஹீம் பாய்க்கு ஒரே சிரிப்பு.

பஸ்ஸில் அழுதேன். இருட்டுக்குப் பயந்தவரை நானே இருட்டில் விட்டுவிட்டேன். கல்லறைத் திருநாளுக்கு அவர் கல்லறையில் வைத்த மெழுகுவர்த்தியும் மழையில் அணைந்திருக்கும்.

1 டிசம்பர், திங்கள்
ஐம்பத்தொன்பது தொட்டி நல்ல சிவப்பு. லாரி ஏறிவிட்டன. ஆணிக்குக் கீழே இருந்த ஒன்று மட்டும் பச்சை.

"ஒண்ணுதானே, வேற தொட்டி வச்சு அனுப்பிட்டேன். அத வீசிருங்கக்கா."

வீசவில்லை. பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் போகும் வழியில் ஜாலான் புசாரில் இறங்கி நைட் லாம்ப் ஒன்று வாங்கினேன்.

கடைக்காரர்: "சின்னப் பிள்ள இருட்டுல பயப்படுதா?"
"இல்லங்க. வீட்டுக்காரர்."

ஹாலில் செடிக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

2 செவ்.
விடிந்ததும் ஹாலில் கால் வைத்தேன். சில்லென்று இருந்தது. ஏசி இல்லாத வீடு.

விளக்கை அணைக்கவில்லை. செடி பச்சையாகவே இருக்கட்டும்.