திருகு போடாத மூடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அங்கே மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் முதல் பாதியை எழுதக் கை வரவில்லை கண்ணு. நலமாகிக்கொண்டு வருகிறோம் என்று வேண்டுமானால் எழுதலாம். போன வாரம் போனில் உன்னிடம், பார்சல் வந்தால் பிரிக்காதே, பிள்ளைகள் கண்ணில் காட்டாதே என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். என்னம்மா வெடிகுண்டா அனுப்பியிருக்க என்று நீ சிரித்தாய். உன் மேல் தப்பில்லை, அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன், விஷயத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. இப்போது முழுவதும் எழுதுகிறேன், கை வேலையை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

நம் கட்டடத்துப் பிள்ளைகள் சாயங்காலம் ஆனால் கீழே முற்றத்தில் கத்திச்சண்டை போடுவார்கள், உனக்குத் தெரியும். துடைப்பக் கட்டை, உடைந்த குடைக்கம்பி, எது கிடைத்தாலும் வாள்தான். போன மாதம் உன் அண்ணனுடைய பெரியவன் கண்ணுக்குக் கீழே கீறலோடு மேலே வந்தான், ஒரு விரல் தள்ளியிருந்தால் கண் போயிருக்கும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று உன் அப்பா செய்தித்தாளைத் திருப்பினார். அவனுக்கு ஏழு வயது முடிய இருந்தது, குத்தினாலும் வலிக்காத வாளாக நானே செய்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் அந்தக் கம்பிகளைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருஷம் பொம்மைத் தொழிற்சாலையில் ஈயம் பற்றவைத்த கை, சும்மா இருக்குமா. கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாய், அதற்குள் சின்ன விளக்குச் சரம், வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் ஒரே சீராகப் பரவ உள்ளே சுற்றிய வெள்ளைக் காகிதம், நுனியில் பஞ்சுக் குமிழ், கைப்பிடிக்குக் குளியலறைக் குழாயில் வெட்டிய துண்டு, அதன் அடியில் நாணயம் அளவு வட்ட பேட்டரி மூன்று. சாப்பாட்டு மேஜை முழுக்க ஒயரும் ஈயமுமாகக் கிடந்தது. உங்கம்மா ஆயுதத் தொழிற்சாலை திறந்துட்டா, இனிமே நான் சாப்பாடு கேட்டா பீரங்கிதான் வரும் என்று உன் அப்பா மாடிப்படியில் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். மொத்தம் ஒன்பது செய்தேன். கீழே மேலே உள்ள பிள்ளைகளுக்கு ஐந்து, நம் வீட்டில் இரண்டு, உன் மூத்த பிள்ளைகளுக்குப் பார்சலில் அனுப்ப இரண்டு.

இப்போது சொல்லப்போவதைத்தான் எழுதக் கூசுகிறது. பேட்டரி மூடியில் திருகு போட வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரியும் என்ன, கடைசி எட்டு வருஷம் அங்கே எனக்கு அதுதான் வேலை. ஓடிவரும் பட்டையில் பொம்மைகள் வரும், மூடியை நகத்தால் நெம்பிப் பார்ப்பேன், திறந்தால் சிவப்புப் பெட்டியில் போடுவேன். ஒரு நாளில் எத்தனை பொம்மைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளைக்குச் செய்யும்போது முதல் மூடியில் திருகு இறக்கினேன், விரிசல் விட்டது. இரண்டாவதும் விட்டது. மறுநாள் பிறந்தநாள். சரி, மூடி இறுக்கமாகத்தானே உட்காருகிறது, மேலே ஒரு சுற்று ஒட்டுநாடா போட்டால் போதும் என்று விட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் கண்ணு நான்.

பிறந்தநாள் அன்று மாடிப்படியில் விளக்கை அணைத்துவிட்டு ஏழு பேரும் நின்றார்கள், பச்சையும் நீலமும் சிவப்புமாக, அந்த அழுக்குச் சுவர்கூட அழகாகத் தெரிந்தது. பெரியவனின் தங்கை, நம் சுண்டெலிக்கு வாள் அவளைவிட உயரம். மூன்றரை வயது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும் நில்லு என்று மிரட்டினாள். படுக்கையிலும் அதை விடவில்லை.

மூன்றாம் நாள் காலை அவள் சாப்பிடவில்லை. வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. உன் அண்ணி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சுரம் இல்லை, தொண்டை கட்டியிருக்கும் போல, வெதுவெதுன்னு ஏதாவது குடுங்க அத்தை என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பினாள். அண்ணன் டிப்போவில் பஸ் எடுக்க அதற்கு முன்பே போய்விட்டான். நான் பால் கொடுத்தேன், இருமித் துப்பினாள். ரொட்டியை நனைத்துக் கொடுத்தேன், தள்ளிவிட்டாள். அடம்பிடிக்கிறாள் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தேன் கண்ணு. அவள் அழுதாள், அழும் சத்தமே சரியாக வரவில்லை, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வீட்டைக் கூட்டும்போது கட்டிலுக்கடியில் அவள் வாள் கிடந்தது. எடுத்தேன். ஒட்டுநாடா பிரிந்து தொங்கியது, மூடி இல்லை. உள்ளே இரண்டு பேட்டரி இருந்தது. மூன்று இருக்க வேண்டும். கட்டிலை இழுத்தேன், மெத்தையைப் புரட்டினேன், கைவிளக்கை எடுத்துக்கொண்டு அலமாரிக்கடியில் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தேன். மூடி கிடைத்தது. பேட்டரி கிடைக்கவில்லை. அவள் முன்னால் மண்டிபோட்டு, எங்கடி தங்கம் அந்த வட்டம், பாட்டி திட்டமாட்டேன் சொல்லு என்று கேட்டேன். அவள் கழுத்துக்குழியில் விரலை வைத்து, இங்க உக்காந்திருக்கு என்றாள்.

அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. பேட்டரி என்று யாரிடமும் சொல்லாமல், மீதி இரண்டையும் ஜன்னல் வழியே வீசிவிட்டு, குழந்தை எதையோ விழுங்கிவிட்டாள் என்று மட்டும் சொன்னால் என்ன என்று தோன்றியது. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வட்ட பேட்டரி, நான் செய்த பொம்மையில் இருந்தது என்றேன். எடுத்த பெண் வேறு எதுவும் கேட்கவில்லை, குழந்தைக்கு என்ன வயசு, வீட்டுல தேன் இருக்கா, இருந்தா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு சின்னக் கரண்டி குடுங்க, வேற எதுவும் குடுக்காதீங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க, தேனைத் தேடிக்கிட்டு நிக்காதீங்க, இப்பவே கிளம்புங்க என்றாள். தேன் புட்டியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு குழந்தையைத் தூக்கினேன். உன் அப்பா ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் என் செருப்புமாகத் தெருவில் ஓடி, எதிரே வந்த வாடகைக் காரின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். காரிலிருந்து அண்ணிக்குப் பேசினேன். கடைக் கதவு அடித்துச் சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

எக்ஸ்ரே படத்தில் தெளிவாகத் தெரிந்தது. நெஞ்சுக்கு மேலே வெள்ளை வட்டம், அதன் விளிம்புக்குள் இன்னொரு வட்டம். டாக்டரம்மா அந்த உள்வட்டத்தைப் பேனாவால் தொட்டு, இது காசு இல்ல, காசுன்னா கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம், இது எச்சில்ல நனைஞ்சு உள்ளேயே சுட்டுக்கிட்டு இருக்கு, எப்ப முழுங்கினா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதற்குள் அண்ணி ஓடி வந்துவிட்டாள், காலையில் எழுந்தபோது அவள் வாளில் விளக்கு எரிந்ததாகப் பெரியவன் சொன்னதை அவள்தான் நினைவுபடுத்திச் சொன்னாள். அப்படியென்றால் அதிகம் போனால் நாலு மணி நேரம். மூடியில திருகு இல்லையா, எந்தக் கடையில வாங்கினீங்க என்று டாக்டரம்மா கேட்டார். நான் செஞ்சதுங்க என்றேன். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு எடுத்தார்கள். ஒரு மணி நேரம் இருக்கும், எனக்கு ஒரு யுகம். வெளியே கொண்டுவந்து ஒரு கிண்ணத்தில் காட்டினார்கள், பளபளப்பாக இருந்தது, ஒரு பக்கம் மட்டும் கரியாகிக் கிடந்தது.

பேட்டரி வந்துவிட்டது, புண் இருக்கிறது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் மூக்கு வழியே குழாயில்தான் சாப்பாடு. வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது, இப்போது நீராகாரம் விழுங்குகிறாள். ஆனால் எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கக்கூடாதாம், சுட்ட இடம் உள்ளே ஆழமாகிக்கொண்டே போகலாமாம், மூன்று வாரத்துக்கு ஒரு சொட்டு ரத்தம் வாயில் தெரிந்தாலும், மலம் கறுத்துப் போனாலும், அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்றார்கள். ஒன்பது நாள் போயிருக்கிறது. அவள் இருமினால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன். நேற்று உதட்டோரம் சிவப்பாக இருந்ததைப் பார்த்து அலறிவிட்டேன், கடைசியில் அது பெரியவனுடைய வண்ணக் குச்சி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், என் கண்ணுக்குச் சிவந்ததெல்லாம் ரத்தமாக இருக்கிறது.

அவளை உள்ளே சேர்த்த அன்று மாலையே கட்டடத்தில் ஐந்து வீட்டுக் கதவையும் தட்டினேன். நான் கொடுத்த வாளைத் திருப்பிக் கொடுங்கள், நான் மூடி சரியாகப் போடவில்லை, என் பேத்தி விழுங்கிவிட்டாள் என்று ஒவ்வொரு வாசலிலும் முழுவதும் சொன்னேன். மூன்றாம் மாடித் தையற்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கீழ்வீட்டு வங்கிக்காரர், இதையெல்லாம் யோசிக்காமலா பிள்ளைங்க கையில குடுப்பீங்க என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். கேட்க வேண்டியதுதான். ஒரு பெண்குழந்தை வாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்று புரண்டது, அதன் கையிலிருந்து நானேதான் பிடுங்கினேன். அந்த வாளில் மூடி பாதி திறந்திருந்தது.

ஏழும் வந்துவிட்டன. இரண்டு உன்னை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன, அதுதான் எனக்குத் தூக்கம் வராத காரணம். நாங்க பாத்துக்கறோம்மா, பெரிய பசங்கதானே என்று நீ போனில் சொன்னாய். பெரிய பிள்ளைகளை நினைத்து நான் பயப்படவில்லை. உன் கடைக்குட்டி தவழ்கிறானே, தரையில் கிடப்பதெல்லாம் அவனுக்குப் பலகாரம். பார்சலைப் பிரிக்காமல் மாப்பிள்ளையிடம் கொடு, அவர் பேட்டரிகளை எடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒட்டுநாடாவில் சுற்றிப் பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் சேர்க்கட்டும், குப்பைக்கூடையில் போட வேண்டாம். அப்படியே வீட்டில் ரிமோட், எடை பார்க்கும் மெஷின், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை எல்லாவற்றின் மூடியையும் நகத்தால் நெம்பிப் பார். திறந்தால் அது வீட்டில் இருக்கக் கூடாது. பிள்ளை சாப்பிடாமல் எச்சில் ஒழுகவிட்டால் அடம் என்று நினைத்து என்னைப்போல் கை ஓங்காதே.

அண்ணி எட்டு நாள் என்னிடம் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், எனக்குத் தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு மத்தளம் மாதிரி இருந்தான். இன்று அவளுக்குக் கடைக்குப் போயே ஆக வேண்டிய நாள். குழந்தையைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போவாள் என்று எண்ணி, நானே குழந்தையின் துணிமணி, மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கி வாசலில் வைத்திருந்தேன். அண்ணி செருப்பு மாட்டிக்கொண்டு வந்தாள், பையைப் பார்த்தாள், அதைத் தூக்கித் திரும்ப உள்ளே வைத்துவிட்டுக் குழந்தையை என் மடியில் இறக்கினாள். வேணாம்மா, உன் அக்காகிட்டயே விட்டுட்டுப் போ, எனக்குப் பயமா இருக்கு என்றேன். பயப்படற ஆள்கிட்டதான் அத்தை விட்டுட்டுப் போறேன், ரெண்டு மணிக்கு மருந்து, மறந்துடாதீங்க என்றாள். படியிறங்கிப் போய்விட்டாள். எனக்கு அழக்கூட நேரமில்லை, குழந்தை மூச்சை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

இப்போது பக்கத்தில் தூங்குகிறாள். ஒரு கையை அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டு மறுகையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைகள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று நொடிக்கு நூறு தரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பார்சல் கைக்கு வந்ததும் எந்த நேரமானாலும் போன் செய், வந்துவிட்டது என்ற ஒரு சொல் போதும். மணி இரண்டு ஆகப்போகிறது, மருந்து கலக்க வேண்டும், எழுப்ப வேண்டும்.

உன் நலனுக்கே உயிரை வைத்திருக்கும்,
அம்மா